கடைசி எழுத்து இல்லை

அடேயப்பா! நீங்க எப்ப சார் வந்து உக்காந்தீங்க? தூக்கிவாரிப் போட்டுருச்சு எனக்கு. பெஞ்சு காலியா கிடக்கேன்னு பையை வைக்கப் போறேன், பாத்தா உங்க மடி. ஒரு செருமல் கிருமல் கிடையாதா? சரி சரி, எந்திரிக்காதீங்க. ஒண்ணு பண்ணுங்க, இந்தப் பக்கம், என் இடது கைப்பக்கமா வந்து உக்காருங்க. அந்தப் பக்கம்னா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேச வேண்டியிருக்கு. ஆங். இப்ப சரி.

என்னமோ கையைக் காட்டுறீங்க, அப்புறமாச் சொல்லுங்க. உள்ள யாரு, வீட்டம்மாவா? காட்டராக்டா? ஒண்ணும் பயமில்ல, இருபது நிமிஷ வேலை. இங்க உக்காந்திருக்கிற அத்தனை பேரும் அதுதான். பச்சைத் துணியைக் கண்ணுல கட்டிக்கிட்டு, என்னமோ உலகமே அஸ்தமிச்ச மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு. பாக்கவே எரிச்சலா வருது.

நான் பேஷன்ட் இல்ல சார். அதை முதல்லயே சொல்லிடறேன். சர்டிஃபிகேட் வாங்க வந்தவன். என் கண்ணு நல்லா இருக்குன்னு ஒரு காகிதம் வேணும், அவ்வளவுதான். காலையில அந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னாங்க. கடகடன்னு கடைசி வரி வரைக்கும் படிச்சேன். ஆறுக்கு ஆறு. படிக்கச் சொன்ன பொண்ணே அசந்து போயிட்டா. எனக்கு வயசு நாப்பத்தெட்டு. இந்த வயசுல ஆறுக்கு ஆறு எவனுக்கு இருக்கு, சொல்லுங்க?

ஏன் வேணுமா? அதைத்தான் சொல்ல வர்றேன். ஒன்றரை வருஷ சர்வீஸ் உள்ள ஒரு பொண்ணு, என்னையப் பாத்து, "சார், கண்ணைக் காட்டிக்கிறது நல்லது"ன்னு எழுத்துல எழுதிட்டா சார். எழுத்துல! என்னைய! சௌந்தரபாண்டியனை! கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்குறவன்னு எங்க ஆபீஸ்ல பதினாலு வருஷமா பேரெடுத்தவனை!

மெடிக்கல் கோடிங் கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா. சரிதான். நீங்க என்ன வேலை? ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா. விசில் ஊதுற வேலை, நிம்மதி. எங்களது அப்படி இல்ல. அமெரிக்காவுல ஒருத்தன் டாக்டர்கிட்டப் போறான். டாக்டர் என்னமோ கிறுக்கி வைக்கிறான். அந்தக் கிறுக்கலு ராவோட ராவா இங்க பெருங்குடியில எங்க ஆபீஸுக்கு வந்து சேரும். நாங்க அதைப் படிச்சு நம்பராக்குவோம். உலகத்துல இருக்கிற ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நம்பர் உண்டு சார், அதைத்தான் கோடுன்னு சொல்லுவோம். அந்த நம்பரைப் பாத்துத்தான் அங்க இன்ஷூரன்ஸ்காரன் ஒத்துக்குவான், இல்லைன்னா கையை விரிப்பான்.

அதுல கண்ணு போனவங்களுக்கு எச் ஐம்பத்திநாலு. அதோட முடிஞ்சுதா? இல்ல. எந்தக் கண்ணு, எவ்வளவு போச்சு, எல்லாம் வரிசையாப் போடணும். வலது கண்ணுக்கு ஒரு எழுத்து, அதுக்கப்புறம் கடைசியா இடது கண்ணுக்கு ஒரு எழுத்து. நம்பரா இருந்தாலும் எழுத்துன்னுதான் சொல்லுவோம். அந்தக் கடைசி எழுத்து விட்டுப் போச்சுன்னா மொத்தமும் குப்பை. அந்தக் குப்பையைப் பொறுக்குறவன்தான் நான். ஆடிட்டர். மத்தவங்க போட்ட கோடைப் பாத்து சரி, தப்புன்னு மார்க் போடுறவன்.

எங்க தொழில்ல ஒரு சட்டம் உண்டு. எழுதலைன்னா இல்லை. அவ்வளவுதான். டாக்டர் எழுதலைன்னா அந்த நோய் இல்லை. அவனுக்குக் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போயி குச்சியைத் தட்டிக்கிட்டு வரட்டுமே, எழுதலைன்னா இல்லை. ஒரு தடவை ஒரு கிழவரு கேஸு. டாக்டர் வெறுமனே பார்வை மங்கல்னு எழுதி வெச்சிருந்தான். எந்தக் கண்ணுடா மடையா? எழுதல. திருப்பி அனுப்பிட்டேன். மறுபடி வந்துச்சு, மறுபடி அனுப்பினேன். ஏழு வாரம் இழுத்துச்சு. அந்தக் கிழவரு நாலு தடவை போன் பண்ணி அழுதாராம். அழுதா? அழுகைக்கு நம்பர் இருக்கா?

இந்த ஜெபசெல்வின்னு ஒரு பொண்ணு. நாசரேத் பக்கம். எங்க டீம்ல கண்ணு சார்ட், அதாவது கண்ணு டாக்டருங்க எழுதுற கேஸ் ஷீட்டு, எல்லாத்துக்கும் அவதான் கோடு போடுவா. ஆரம்பத்துல நல்லாத்தான் போட்டா, பொய் சொல்லக் கூடாது. நானே நாலு பேருக்கு முன்னாடி சபாஷ்னு சொல்லியிருக்கேன். அதுதான் தலைக்கு ஏறியிருக்கணும். மூணு மாசமாப் பாருங்க, என்ன அலட்சியம்! சார்ட்டைத் திறந்தா கடைசி எழுத்து இல்ல. அடுத்ததைத் திறந்தா அதுலயும் இல்ல. போன மாசம் நூறு சார்ட்டுல பன்னெண்டு. பன்னெண்டுலயும் ஒரே குறை. "கடைசி எழுத்து இல்லை, கடைசி எழுத்து இல்லை"ன்னு எழுதி எழுதி என் கையே ஓஞ்சு போச்சு.

நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு சரியா இருக்கணும் சார். மூணு மாசம் தொடர்ந்து அதுக்குக் கீழ போனா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. மத்தவங்களுக்கும் இந்த மூணு மாசமா குறை கூடத்தான் விழுது, காலம் கெட்டுக் கிடக்கு. ஆனா அவங்க "சாரி சார்"னு ஒரு வரி போட்டுட்டுப் பேசாமப் போயிருவாங்க. இவ மட்டும் மறுப்பு எழுதுறா. "சார், கடைசி எழுத்து இருக்கு, தயவுசெய்து மறுபடி பாருங்க." அந்த மறுப்பு எங்க வரும்? எங்கிட்டயேதான் வரும். வேற யாரு பாக்குறது? நானும் மறுபடி பாத்தேன். இல்ல. தள்ளிட்டேன். மறுபடி எழுதுறா. "கம்ப்யூட்டர் ஏத்துக்கிச்சே சார், எழுத்து குறைஞ்சா அதுவே துப்பிருமே"ன்னு. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? பதினாலு வருஷம் அது ஆடிட் பண்ணுச்சா, நான் பண்ணேனா?

மூணாவது தடவைதான் அந்த வரி. "சார், கண்ணைக் காட்டிக்கிறது நல்லது." எனக்கு எப்படி இருந்திருக்கும்? நேரா மேனேஜர்கிட்ட போனேன். அந்த ஆளு ஒரு தண்டம். சார்ட்டைத் திறந்து பாக்கவே மாட்டான். சதவீதம் மட்டும் பாப்பான். பாத்தான், எண்பத்தெட்டு. "மன்னிப்பு எழுதிக் குடும்மா, ஒரு மாசம் டைம் வாங்கித் தர்றேன்"னான். அவ என்ன சொன்னா தெரியுமா? "நான் தப்பா ஒண்ணும் எழுதலை சார், எதுக்கு மன்னிப்பு?" வாய்க்கொழுப்பு. இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஐடி கார்டைக் குடுத்துட்டுப் போகணும். கோடிங் சரியில்லைன்னு எழுதித்தான் அனுப்புவாங்க. அந்தக் காகிதத்தோட போனா ஊர்ல ஒரு கம்பெனியும் சேத்துக்காது. தம்பியை என்ஜினியரிங் படிக்க வைக்கிறாளாம், அப்பா இல்லையாம். இருக்கட்டுமே! ஆளுக்கு ஒரு கதை வெச்சிருக்கான். கதையைக் கேட்டு மார்க் போட முடியுமா?

அதுக்கு முன்னாடி நான் இந்த சர்டிஃபிகேட்டை வாங்கி மேனேஜருக்கு வாட்ஸப்புல அனுப்பணும். அவ கிளம்புறதுக்குள்ள அவ கண்ணு முன்னாடி காட்டச் சொல்லணும். ஆறுக்கு ஆறு, பாத்துக்கோன்னு. அதுக்குத்தான் லீவு போட்டு வந்து உக்காந்திருக்கேன்.

இன்னும் கேளுங்க. அவ பண்ற அக்கிரமம் ஒண்ணா ரெண்டா? என் டேபிள்ல டீ டம்ளரை யாரு வெச்சாலும், வந்து இடது பக்கம் நகத்தி வெச்சிட்டுப் போவா. என்னமோ ரெண்டு தடவை கை பட்டு டீ கொட்டிருச்சு, கீபோர்டு போச்சு. அதுக்காக? என் டேபிளைத் தொட இவ யாரு? சாப்பிடப் போனா, கேன்டீன் வரைக்கும் என் வலது பக்கமா ஒட்டிக்கிட்டே வருவா. அங்க ஒரு கண்ணாடிக் கதவு இருக்கு. நான் ஒரு தடவை அதுல முட்டிக்கிட்டேன். பாதி திறந்து வெச்சிருந்தானுங்க, எந்த முட்டாளோ. அதுலருந்து இவ முன்னாடி ஓடிப் போயி அந்தக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. காக்கா பிடிக்கிறாளாம். மார்க்குக்காக. நான் மசியற ஆளா?

வெளிய மட்டுமா, வீட்டுலயும் அதே கதைதான். எங்க வீட்டுல மங்கைன்னு ஒருத்தி, இருபத்தோரு வருஷமா சோறு போடுறா. இப்ப கொஞ்ச நாளா பொரியல் வைக்கவே மறந்துடறா. "பொரியல் எங்கடீ"ன்னா "வெச்சிருக்கேனே"ங்குறா. தட்டுல இல்லையே! நான் சத்தம் போட்டா, வந்து தட்டைச் சுத்தித் திருப்பி வைக்கிறா. பாத்தா பொரியல் இருக்கு. எப்ப எடுத்து வெச்சாளோ, கை வேகம் அப்படி. அப்புறம் முந்தானையில மூக்கைத் துடைச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிடறா.

ரோட்டுலயும் பாருங்க, எல்லாம் வலது பக்கத்துலருந்துதான் வந்து இடிக்கிறானுங்க. மூணு மாசத்துல ரெண்டு தடவை. ஹாரன் இல்ல, ஒண்ணு இல்ல, ஆகாசத்துலருந்து குதிச்ச மாதிரி ஆட்டோ வந்து நிக்குது. மங்கை வண்டிச் சாவியை ஒளிச்சு வெச்சிட்டா. நான் இன்னைக்கு ஷேர் ஆட்டோவுல வந்தேன், என்ன கேவலம்!

உடம்பா? எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். தை மாசக் கடைசியில ஒரு நாள் மண்டையைப் பிளக்குற தலைவலி, ரெண்டு வாந்தி, அவ்வளவுதான். பித்தம். ஒரு சோடாவைக் குடிச்சிட்டுப் படுத்தேன், சரியாப் போச்சு. மங்கை அன்னைக்கே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு ஒப்பாரி வெச்சா. எந்த டாக்டரும் ஒண்ணும் எழுதல. எழுதலைன்னா இல்லை, அவ்வளவுதான்.

இங்க வந்தும் நிம்மதி இருக்கா? ஆறுக்கு ஆறு படிச்சாச்சு, எழுதிக் குடுத்து அனுப்ப வேண்டியதுதானே? இல்லையாம், இன்னொரு மெஷின்ல பாக்கணுமாம். கிண்ணம் மாதிரி ஒண்ணுக்குள்ள மூஞ்சிய வைக்கச் சொன்னாங்க. நடுவுல ஒரு புள்ளியைப் பாத்துக்கிட்டே இருக்கணும், ஓரத்துல எங்க வெளிச்சம் மின்னினாலும் கையில இருக்கிற பட்டனை அமுக்கணும். அமுக்கினேன். ஆனா மெஷின் ரிப்பேர் சார். இடது பக்கம் மட்டும்தான் மின்னுது. வலது பக்கம் ஒண்ணுமே வரல. "அம்மா, மெஷினைப் பழுது பாருங்க"ன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு இன்னொரு கண்ணை மூடிட்டு மறுபடி பண்ணச் சொன்னா. மறுபடியும் அதே ரிப்பேர். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, ஒரு மெஷின் உருப்படியா வெச்சிருக்கானா?

இதோ வந்துட்டா. வாம்மா. முடிஞ்சுதா? குடு குடு. ஆபீஸுக்கு வேணும், நோய்க் கோடு போட்டுத்தான் குடுக்கணும்னு சொன்னேனே, போட்டிருக்கா? ஆங். என்னது, ஆறாம் நம்பர் ரூமா? அது யாரு, நரம்பு டாக்டரா? நான் எதுக்கும்மா நரம்பு டாக்டரைப் பாக்கணும்? கூடவா? கூட யாரும் வரல. எதுக்குக் கேக்குற? வயசுப் பிள்ளையா நான், துணைக்கு ஆள் வர? சரி சரி, போறேன், நீ போ.

போறா பாருங்க, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு. இந்தக் காலத்துப் பொண்ணுங்க எல்லாமே இப்படித்தான்.

எங்க, பாப்போம் என்ன எழுதியிருக்கான்னு. பார்வை ஆறுக்கு ஆறு. சொன்னேன்ல? இது போதும். கீழ என்னமோ... ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கம் பார்வைப் பரப்புக் குறைபாடு. ஹா! எந்தப் பக்கம்? எழுதியிருக்கானா பாருங்க! எழுதல! இவன் டாக்டர்! நம்பரு... எச் ஐம்பத்திமூணு புள்ளி நாலு ஆறு. அப்புறம்? முடிஞ்சு போச்சு! சார், இது எங்க துறை. இந்த நம்பர் எனக்கு மனப்பாடம். இதுக்கும் மேல ஒரு எழுத்து வரணும். வலது பக்கம்னா ஒண்ணு, இடது பக்கம்னா ரெண்டு. அது இல்லாம இது செல்லாது. எங்கிட்ட வந்திருந்தா அப்படியே தூக்கி எறிஞ்சிருப்பேன். கடைசி எழுத்து இல்லை! ஊரு பூரா ஜெபசெல்விங்கதான் போல.

என்ன?

இருக்கா? எங்க இருக்கு? நீங்க விசில் ஊதுற ஆளு, உங்களுக்கு என்ன தெரியும் கோடைப் பத்தி? நான் பதினாலு வருஷமா...

எங்க, விரலை வெச்சுக் காட்டுங்க.

உங்க விரல் எங்க போச்சு? கட்டை விரல் தெரியுது. ஆள்காட்டி விரலை மடக்கிக்கிட்டீங்களா?

மடக்கலையா?

என்ன பண்றீங்க, காகிதத்தை ஏன் சுத்துறீங்க? தட்டைத் திருப்புற மாதிரி...

ஒண்ணு.

இருங்க சார். பேசாதீங்க. ஒரு நிமிஷம். அப்படியே நேரா வைங்க. இல்ல. திருப்புங்க. இருக்கு. நேரா வைங்க. இல்ல. மேல இந்த வரியையும் திருப்புங்க. "வலது பக்கம்." எழுதித்தான் இருக்கான். கமா போட்டு அழகா எழுதியிருக்கான்.

மெஷின் ரிப்பேர் இல்ல.

பன்னெண்டு சார். பன்னெண்டு சார்ட். மூணு தடவை எழுதினா, இருக்கு சார், இருக்கு சார்னு. எங்க ஸ்கிரீன்ல கோடு வர்றது வலது ஓரத்துல. நான் மூணு தடவையும் அதே ஓரத்தைத்தான் முறைச்சு முறைச்சுப் பாத்தேன். என்ன ஆடிட்டு பண்ணிக் கிழிச்சேன் நான்! கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்தினவனாம். தூ. அந்தக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளே, சார். டம்ளரை நகத்தி நகத்தி வெச்சாளே. அவளுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. மங்கைக்கும் தெரிஞ்சிருக்கு. அந்தப் பொண்ணு நினைச்சிருந்தா மேனேஜர்கிட்ட போயி, இந்த ஆளுக்குக் கண்ணு தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வேலை போயிருக்கும், அவ வேலை தப்பிச்சிருக்கும். சொல்லல சார். எனக்கு எழுதினா. எனக்கு மட்டும்தான் எழுதினா. அதைத் தூக்கிட்டு மேனேஜர்கிட்ட ஓடினவன் நான்தான்.

மணி என்ன? என்னது, அஞ்சாகப் பத்து நிமிஷமா?

போன்... என் போன் எங்க? பையில இல்ல. சட்டையில இல்ல. வீட்டுலயே விட்டுட்டேனா?

இங்கயா? என் வலது பக்கம், பெஞ்சு மேலயேவா? இவ்வளவு நேரமும் இங்கயேவா கிடந்துச்சு? அதைத்தான் அப்பவே கையைக் காட்டிச் சொல்ல வந்தீங்களா? உங்களைப் பேச விட்டேனா நான்.

சார், ஒரு உதவி. நீங்களே அமுக்குங்க, பாதி ஸ்கிரீன் எனக்குத் தெரியாது. ஜெபசெல்வின்னு தேடாதீங்க, வராது. வாய்க்கொழுப்புன்னு போட்டு வெச்சிருக்கேன். ஆமா சார். அதுதான். அதுதான் அவ நம்பர். போடுங்க. என் இடது காதுல வைங்க.

அடிக்குது.

ஹலோ. அம்மா ஜெபசெல்வி, நான்தான். வெச்சிராத. ஐடி கார்டைக் குடுத்துட்டியா? கழட்டிட்டியா? மறுபடி மாட்டிக்கோ. நான் சொல்றேன், மாட்டிக்கோ. போனை அந்த மேனேஜர்கிட்டக் குடு, அந்த ஆள்கிட்ட நான் பேசிக்கிறேன். என் கண்ணைப் பத்தியும் நானே சொல்லிக்கிறேன், நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு. அந்தப் பன்னெண்டும் சரி. பன்னெண்டுலயும் கடைசி எழுத்து இருக்கு.

இல்லம்மா, ஆஸ்பத்திரியில இருக்கேன், இங்க எங்க திறந்து பாக்குறது? பாக்கல. பாக்காமயே சொல்றேன். இருக்கு.